சாய்ஸில் விட்ட பாடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதம். குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சமூக அறிவியல் புத்தகத்தின் பாதிப் பக்கங்களில் மஞ்சள் ஹைலைட்டர் வழிந்தது. மீதிப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்த மாதிரியே இருந்தன. அது குடிமையியல் பகுதி.

"இதெல்லாம் படிக்கலையா?"

"சாய்ஸ்ல விட்டுட்டேன் மாமா. ஹிஸ்டரியும் ஜியாக்ரபியும் முழுசாப் படிச்சா போதும். மேப் வேற இருக்கு. சிவிக்ஸ்ல எவ்வளவு வந்துடப் போகுது?"

கணக்கு சரிதான். நூறு மதிப்பெண்ணுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே தாளுக்குள் இருக்கின்றன. தேர்ச்சியைப் பாடவாரியாகப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அரசமைப்புச் சட்டம் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வரலாம். பதினொன்றில் சயின்ஸ் குரூப் எடுத்தால் அதோடு சரி. பதினைந்து வயதுக்குப் பிறகு குடிமையியல் கண்ணில் படாது, பதினெட்டில் ஓட்டு வந்துவிடும். நானும் அந்த வழியாக வந்தவன்தான். கணிப்பொறிப் பொறியியல் படித்த நான்கு வருடங்களில் யாரும் என்னிடம் ஆளுநர் யார், அவர் வேலை என்ன என்று கேட்டதில்லை.

அதே வாரம் டல்லாஸிலிருந்து கல்லூரி நண்பன் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினான். அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலில் தேறிவிட்டானாம். நூறு கேள்விகளையும் பதில்களையும் காரில் ஆபீஸ் போகும்போது கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். அப்போதைய தேர்வில் அதிகாரி பத்து வரை கேட்பார், ஆறு சரியாக இருந்தால் போதும் என்று இருந்தது. "மச்சி, நாம டென்த்ல படிச்ச மாதிரியேதான். வந்துட்டு வெளிய வந்த உடனே மறந்துட்டேன்" என்று சிரித்தான்.

அவன் படித்த அந்த நூறு கேள்விகளையே பள்ளிப் பிள்ளைகளுக்கும் வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 ஜனவரியில் அரிசோனா மாநிலம் சட்டமே போட்டது. பள்ளியிறுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் அந்த நூறில் அறுபதுக்குச் சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும் என்றது அன்றைய சட்டம். அதே மாதம் வடக்கு டகோட்டா, பிறகு வேறு பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. செய்தியைப் படித்தபோது எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. நம் ஊரிலும் வைக்கலாமே? குடிமையியலைத் தனித்தாளாக்கி, அதில் தேறினால்தான் சான்றிதழ் என்று சொன்னால் அக்கா மகள் சாய்ஸில் விடுவாளா? அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேஜையில் இதை வைத்து வாதாடியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கே இருந்த எல்லாரும் தேர்வெழுதி மேலே வந்தவர்கள். தேர்வு என்றால் எங்களுக்குப் பிடிக்கும்.

பிறகுதான் தகுதித் தேர்வுக்கும் குடிமைக்கும் நம் மண்ணில் என்ன தொடர்பு என்று படிக்க ஆரம்பித்தேன். அது ஆயிரம் வருடம் பின்னால் போனது. தூரக் கணக்கில் பார்த்தால் தாம்பரத்திலிருந்து பைக்கில் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

*

ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, புக்கத்துறை கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் உத்திரமேரூர். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று பொ.யு. 919, இன்னொன்று 921. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர் எவரும் குடவோலையை மறந்திருக்க முடியாது. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடம், ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுப்பது. எங்கள் புத்தகத்தில் படமே இருந்தது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உரையிலும் உத்திரமேரூர் வந்தது.

புத்தகப் படத்தில் எனக்கு நினைவிருப்பது குடம் மட்டும்தான். கல்வெட்டு அதிகம் பேசுவது குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதைப் பற்றி.

கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். (முதல் கல்வெட்டில் இது முப்பதும் அறுபதுமாக இருந்தது. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். முதல் பதிப்பில் ஏதோ பிரச்சினை வந்திருக்க வேண்டும், மென்பொருள்காரனுக்கு அப்படித்தான் தோன்றும்.) வேதத்தில் பயிற்சி வேண்டும், அதைப் பிறருக்கு ஓதுவிக்கவும் தெரிய வேண்டும். அரைக்கால் வேலி நிலம்தான் இருக்கிறதா, பரவாயில்லை, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் அவர் பெயரும் போகலாம். நிலம் குறைந்தால் படிப்பால் ஈடுகட்டலாம் என்று ஒரு சலுகை. நமக்குத் தெரிந்தவரை இந்த வட்டாரத்தில் ஆட்சிப் பொறுப்புக்கு வைக்கப்பட்ட மிகப் பழைய கல்வித் தகுதி இதுவாகத்தான் இருக்கும்.

தகுதியிழப்புப் பட்டியல் இன்னும் சுவாரசியம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி மகன், அத்தை மகன், மாமன், மாமனார், சகோதரன், மருமகன் என்று நீளும் உறவுக்கூட்டமும் நிற்க முடியாது. பிறர் பொருளைத் திருடியவர் முடியாது. மூன்று வருடங்களுக்குள் வாரியத்தில் இருந்தவரும் முடியாது. இந்த ஒரு பகுதியை இன்றைய சட்டப் புத்தகத்தில் அப்படியே சேர்த்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யோசித்துக்கொண்டே சுவர் முன்னால் நின்றேன்.

ஆனால் இது பிரம்மதேயம். ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம். சபை என்பது நிலமுடைய பிராமணர்களின் சபை. ஏரி வாரியம் பராமரித்த ஏரியிலிருந்து நீர் பாய்ந்த வயலில் உழுதவர்களுக்கும் நாற்று நட்ட பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. அவர்கள் தேர்வில் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது, தேர்வுக்கான பாடத்தைப் படிக்கவே அனுமதி இல்லை. வேதம் தெரிய வேண்டும் என்பது கல்வித் தகுதி மாதிரிதான் கேட்கும். யாருக்கு வேதம் கற்பிப்பார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால் அது வேறு ஒன்றாகிவிடுகிறது.

கல்வெட்டை மட்டம் தட்டுவது என் நோக்கம் இல்லை. பத்தாம் நூற்றாண்டில் கணக்குக் கேட்ட ஒரு சபை உலகத்தில் எத்தனை இடத்தில் இருந்தது? குடத்தை வரைந்த நம் பாடநூல் கால் வேலியையும் கொஞ்சம் பெரிதாக வரைந்திருக்கலாம், அவ்வளவுதான்.

*

ஆங்கிலேயர் வந்தபின் வேதம் போய் வரி ரசீது வந்தது. இடையில் பள்ளிக்கூடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1897இல் வில்லியம் லீ-வார்னர் என்ற பம்பாய் மாகாண அதிகாரி 'தி சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்று ஒரு பாடநூல் எழுதினார். இந்தியப் பள்ளிகளில் அது வைக்கப்பட்டது. கிராமம், மாவட்டம், மாகாணம், பேரரசு என்று படிப்படியாக விளக்கி, பிரிட்டிஷ் ஆட்சி தந்த அமைதியையும் நன்மைகளையும் சொல்லிக்கொடுக்கும் நூல். படித்த பையன்களில் கிட்டத்தட்ட ஒருவருக்கும் ஓட்டு கிடையாது. குடிமகன் என்ற சொல் பாடமாக முதலில் வந்துவிட்டது, உரிமை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

1919 சட்டத்தின்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு கோடி. நூற்றுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலவரி, வீட்டுவரி, வருமான வரி இப்படி ஏதாவது ஒன்று கட்டியவர்களுக்குத்தான் ஓட்டு. 1921இல் பெண்களுக்கும் அதே நிபந்தனையில் வாக்குரிமை தந்து இந்தியாவிலேயே முன்னால் நின்றது சென்னை மாகாணம். பெருமைதான். ஆனால் எத்தனை பெண்களின் பெயரில் நிலம் இருந்தது? 1935 சட்டம் வந்தபோது கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. சொத்தில்லாவிட்டாலும் எழுதப் படிக்கத் தெரியும் என்று நிரூபித்தால் பட்டியலில் சேரலாம் என்றானது. அரைக்கால் வேலிக்கு ஒரு வேதம் என்ற பழைய கணக்கு எனக்கு நினைவு வந்தது. அப்படியும் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க ஓட்டுரிமை பெற்றவர்கள் மூன்று கோடிப் பேர் அளவில்தான்.

இந்தக் கணக்கை லண்டனில் போய் எதிர்த்தவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஊர்க்காரர். இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். உத்திரமேரூரிலிருந்து அதிக தூரமில்லை. 1930இல் வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கருடன் போனவர். வாக்குரிமையை எவ்வளவு விரிக்கலாம், இன்னும் எத்தனை சதவீதம் சேர்க்கலாம் என்று மற்றவர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்த குழுவில், வயது வந்த எல்லாருக்கும் இப்போதே கொடுங்கள் என்று சொன்ன சிலரில் இவர்கள் இருவரும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன் அந்த வட்டாரத்துக் குடத்தில் ஓலை போட முடியாதவர்களின் வழியில் வந்த ஒருவர், எந்தத் தகுதியும் கேட்காத ஓட்டைக் கேட்டார்.

அம்பேத்கர் அதற்கு முந்தைய வருடமே, 1929இல், சைமன் குழு விவகாரத்தில் தனி அறிக்கை எழுதியிருந்தார். எழுத்தறிவைத் தகுதியாக வைப்பவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள் என்பது அவர் வாதம். எழுத்தறியாதவருக்கு அறிவு இல்லை என்று நினைப்பது ஒன்று. எழுதப் படிக்கத் தெரிந்தால் அறிவு கூடிவிடும் என்று நினைப்பது இன்னொன்று. மேலும், படிப்பைக் கொடுக்காமல் வைத்திருந்தவர்களே படிப்பில்லை என்பதைக் காரணமாகக் காட்டி ஓட்டையும் மறுப்பது என்ன நியாயம்? மதியச் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியதெல்லாம் எண்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்ட விஷயம் என்று தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கடல் தாண்டி இலங்கையில் 1931இலேயே சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களிடம் மட்டும் நிரந்தரமாக இங்கேயே இருப்பவர்தானா, சான்று காட்டு என்று கேட்டார்கள். 1948இல் அந்தச் சான்றுக் கேள்வியே குடியுரிமைச் சட்டமானது, லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். காகிதத்தை முன்வைத்துக் கேட்கப்படும் கேள்வி எங்கே போய் முடியும் என்பது தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கதை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்களுக்கு வைத்த எழுத்தறிவுத் தேர்வுகளும் இதே சாதிதான். விடை சரியா தவறா என்பதைத் திருத்துகிறவர் முடிவு செய்தார். அதை நிறுத்த 1965இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

*

1949 நவம்பர் 23. அரசமைப்புச் சபையில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பேசினார். சென்னையின் பெரிய வழக்கறிஞர், வரைவுக்குழு உறுப்பினர். இந்த மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள் என்று நமக்குத் தெரியும், தெரிந்தும் சாதாரண மனிதனின் மீது முழு நம்பிக்கை வைத்து எல்லாருக்கும் வாக்குரிமை தந்திருக்கிறோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். மூன்று நாள் கழித்து அவைத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தன் முடிவுரையில் ஒரு மனக்குறையைப் பதிவு செய்தார். சட்டத்தை நிர்வகிப்பவனுக்கு உயர்ந்த தகுதிகள் கேட்கிறோம், சட்டத்தை இயற்றுபவனுக்கு ஜெயித்து வருவதைத் தவிர வேறு தகுதி கேட்கவில்லையே என்று.

இரண்டு பேச்சையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டுமே நேர்மையான பேச்சு. நாடு அல்லாடியின் பக்கம் நின்றது. 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிந்தவர்கள் 18 சதவீதம் சொச்சம். அந்த நாட்டில் 17 கோடிக்கு மேற்பட்டவர்களை வாக்காளர்களாக்கித் தேர்தல் நடத்தினார் சுகுமார் சென். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். படிக்கத் தெரியாதவர் படத்தைப் பார்த்துச் சீட்டைப் போடலாம். வாக்காளருக்குத் தகுதி வைப்பதற்குப் பதில் பெட்டியை மாற்றினார்கள். பயன்படுத்துபவரைக் குறை சொல்லாமல் இடைமுகத்தைச் சரி செய் என்று எங்கள் தொழிலில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதை 1952லேயே செய்துவிட்டார்கள்.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. வடக்கே பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை, இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னார்கள். அப்படி 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சொந்தப் பெயர் சொல்ல வேண்டும் என்பது எவ்வளவு சின்ன நிபந்தனை. அதிலேயே அத்தனை பேர் விழுந்துவிட்டார்கள்.

*

2015 டிசம்பர் ஒன்றாம் தேதி இரவு. முடிச்சூர் பக்கம் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டின் தரைத்தளம் முழுதும் தண்ணீர். அடையாறு எங்கே முடிகிறது, தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. வடிந்த பிறகு மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். இருபத்துச் சொச்சம் வீடுகள். பாதிக்கு மேல் பொறியாளர்கள், இரண்டு பேர் முனைவர் பட்டம். யாரிடம் போய் முறையிடுவது என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. ஒருவர் கார்ப்பரேஷன் என்றார். நாங்கள் இருந்ததோ ஊராட்சி. இன்னொருவர் பிரதமருக்கு ட்வீட் போடலாம் என்றார். நான் மாவட்ட ஆட்சியரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தேன், அதுவும் சென்னை மாவட்டத்து ஆட்சியருடையது. நாங்கள் அன்று காஞ்சிபுரம் மாவட்டம்.

எங்கள் மாடியில் சில வீடுகளில் வேலை செய்த அக்கா சேறு பெருக்கிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏரி பீடபிள்யூடி காரங்களுது. கால்வா பஞ்சாயத்தோடது. பாலம் ஐவேஸு. ஒருத்தன்கிட்ட போனா இன்னொருத்தனக் கைகாட்டுவான் தம்பி. ஒரே மனுவ மூணு காப்பி எடுத்து, திங்கக்கிழமை கலெக்டராபீஸ்ல குடுத்து சீட்டு வாங்கிக்கிணும். சீட்டு இல்லனா குடுத்த மாதிரியே இல்ல."

வீட்டுமனைப் பட்டாவுக்காகப் பல வருடம் அலைந்ததில் கற்றது. மாவட்ட நிர்வாகம் என்ற பாடத்தை அவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு நடத்தியதில்லை. அவர் சொன்னபடியே செய்தோம். கால்வாய் மட்டும் அடுத்த மழைக்கு முன்னால் தூர்வாரப்பட்டது, மற்ற இரண்டும் மனுவாகவே இருக்கின்றன.

அதே டிசம்பர் பத்தாம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மின்சாரம் சரியாக வராத நாட்கள் அவை, நான் அதைப் படித்தது ரொம்பப் பின்னால்தான். ராஜ்பாலா எதிர் ஹரியானா மாநிலம். ஊராட்சித் தேர்தலில் நிற்க ஆண்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பெண்கள் எட்டு, பட்டியலினப் பெண்கள் ஊராட்சி உறுப்பினராக ஐந்து. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். கூட்டுறவுக் கடனோ மின் கட்டணமோ பாக்கி இருக்கக் கூடாது. இந்தச் சட்டம் செல்லும் என்றது நீதிபதிகள் செல்லமேஸ்வர், அபய் மனோகர் சப்ரே அமர்வு. நல்லது கெட்டதைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்விதான் தருகிறது என்பது தீர்ப்பின் தர்க்கம்.

சொந்த மனையில் வீடு, வரி பாக்கியில்லாத நிலம், வேதம். வீட்டில் கழிப்பறை, பாக்கியில்லாத மின் கட்டணம், பத்தாம் வகுப்பு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் முன் நின்றபோது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஓடியது. ஹரியானாவாக இருந்திருந்தால் எங்கள் மாடியில் இருந்தவர்களில் தலைவர் பதவிக்கு நிற்கத் தகுதியில்லாத ஒரே ஆள் துடைப்பத்தோடு நின்ற அந்த அக்காதான். ராஜஸ்தானிலும் இதே போல ஒரு விதி வந்தது, 2019இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படி விதி இல்லை.

வேறொன்று நடந்தது. உள்ளாட்சி அமைப்பின் ஆயுள் ஐந்து வருடம், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243 இ பிரிவு சொல்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட ஐந்து என்று சரியாக எழுதும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. வழக்குகள், வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்பு என்று போய், செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. நகரப் பகுதிகளுக்கு 2022 பிப்ரவரி. கிட்டத்தட்ட ஐந்து வருடம் எங்கள் கால்வாய்க்குப் பொறுப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை, தனி அலுவலர்கள்தான். இடையில் 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது, 70 வார்டுகள். முதல் மேயராகப் பட்டியலினத்தைச் சேர்ந்த, இருபத்தைந்து வயதுப் பொறியியல் பட்டதாரிப் பெண் வசந்தகுமாரி கமலக்கண்ணன் வந்தார். பராந்தகன் கல்வெட்டின்படி வயது, நிலம், குலம், பால் என்று எதிலும் அவர் பெயர் குடத்துக்குள் போயிருக்காது.

அரிசோனா யோசனையை இப்போது முழுதாகத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது ஓட்டைப் பறிக்கவில்லை, சான்றிதழைத்தான் நிறுத்துகிறது, இரண்டும் ஒன்றல்ல. குடிமையியல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்குச் சான்றிதழ் என்பது நாளைக்கு வேறொன்றின் நுழைவுச்சீட்டு, ஹரியானாவில் அதுதான் ஆனது. தவிர, டெஸ்ட் கேஸ்கள் பாஸாகும்படி மட்டும் எழுதின கோடை நான் நிறைய பார்த்திருக்கிறேன், நானே எழுதியிருக்கிறேன். எல்லாம் பச்சையாகக் காட்டும், வேலை செய்யாது. என் டல்லாஸ் நண்பன் வெளியே வந்ததும் மறந்த நூறு பதில்கள் மாதிரி. திங்கட்கிழமை மனு கொடுத்தால் சீட்டு வாங்க வேண்டும் என்பது எந்த நூறு கேள்வியிலும் வராது.

அக்கா மகள் சமூக அறிவியலில் 84 வாங்கினாள். இப்போது பதினேழு முடிந்துவிட்டது. பதினேழு வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு, போன வாரம் படிவம் ஆறை மொபைலில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முகவரி, பாகம் என்று போட்டுக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"மாமா, நம்ம வீடு எந்த வார்டு? கவுன்சிலர் யாரு?"

ஐம்பத்திச் சொச்சம் என்று நினைவு. கவுன்சிலர் பெயர் சுத்தமாக வரவில்லை. கூகிளில் தேடினால் பழைய நகராட்சியின் வார்டு எண்ணைக் காட்டியது. கீழே போய், தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு மேலே வந்தேன்.